அம்மா வாசித்த மீற்றர்

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டு முன்சுவரில் இருபத்தாறு ஆண்டுகளாகத் தொங்கிய பழைய மின்மானியைக் கழற்றி, அதன் இடத்தில் ஸ்மார்ட் மீற்றர் ஒன்றைப் பொருத்திவிட்டுப் போன நாளிலிருந்து அம்மாவுக்கும் எனக்கும் இடையே ஒரு வழக்கு நடந்துவந்தது. சித்திரைப் புத்தாண்டு கழிந்த கிழமை அது. வந்த இரு இளைஞர்களும் பண்பானவர்கள். இருபது நிமிடத்தில் வேலையை முடித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். அம்மா வாசலில் நின்று புதிய பெட்டியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே வந்து, "பிள்ளை, சக்கரம் இல்லையே, இது எதைக் கொண்டு கணக்குப் பார்க்கும்?" என்று கேட்டார். நான் ஏதோ ஒரு பதிலைச் சொல்லிவைத்தேன். அந்தக் கேள்விக்கு அன்றே ஒழுங்காகப் பதில் தேடியிருந்தால், பின்னால் வந்த மூன்று மாத மனக்கசப்பு எங்கள் வீட்டில் நேர்ந்திராது.

அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. பழைய மீற்றரின் கண்ணாடிக்குப் பின்னால் கிடையாகச் சுழன்ற அலுமினியத் தட்டை அவர் "சக்கரம்" என்பார். விளிம்பில் இருந்த கறுப்பு அடையாளம் ஒரு சுற்று வந்து மீண்டும் முன்னால் தெரிவதற்கு எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதை வைத்தே வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவார். கோவிலுக்குப் புறப்பட்டுப் படலை வரை போனவர் ஒரு நாள் திரும்பி வந்து, "ஆரோ அயனை நிப்பாட்டாமல் விட்டிட்டீங்கள், சக்கரம் பறக்குது" என்று சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அறைக்குள் போய்ப் பார்த்தபோது என் அலுவலகச் சேலையின் ஓரம் பழுப்பேறத் தொடங்கியிருந்தது. அம்மா பௌதிகவியல் படித்தவர் இல்லை. ஆனால் அவர் செய்தது சரியான பௌதிகவியல். 1889 இல் ஹங்கேரியப் பொறியியலாளர் ஒட்டோ பிளாதி காப்புரிமை பெற்ற அந்த வகை மீற்றரில், வீட்டுக்குள் போகும் மின்னோட்டத்தைத் தாங்கும் சுருள் ஒன்றும் வோல்ற்றளவை உணரும் சுருள் ஒன்றும் சேர்ந்து தட்டைச் சுழற்றும். நிலைகாந்தம் ஒன்று அதைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். இந்த இழுபறியில் தட்டின் வேகம் அந்தக் கணத்தில் வீடு இழுக்கும் வலுவுக்கு நேர்விகிதமாக அமைந்துவிடுகிறது. ஆகவே சக்கரம் பறக்கிறது என்று அம்மா சொன்னபோதெல்லாம் அவர் வாற்றுக் கணக்கைத்தான் வாசித்துக்கொண்டிருந்தார். புதிய மீற்றர் வந்த அன்று அந்த வாசிப்பு அவரிடமிருந்து பறிபோனது. அதை நான் அப்போது உணரவில்லை.

பிஸ்கற் பேணிக்குள் இருந்த பட்டியல்கள்

மே மாதப் பட்டியல் 99 அலகு என்று வந்தது. அதற்கு முன்னர் எங்கள் வீடு 78 இலிருந்து 82 அலகுக்குள் நின்ற வீடு. ஜூனில் 103 ஆனது. "இந்த மீற்றர் பொய் சொல்லுது" என்று அம்மா முடிவு கட்டினார். கச்சான் காற்று வீசுகிறது, இரவு முழுவதும் மின்விசிறி ஓடுகிறது, குளிர்சாதனப் பெட்டி ஓய்வில்லாமல் உழைக்கிறது, அதனால் கூடியிருக்கும் என்று நான் சொன்னேன். மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு வெறுங்கையோடு இறங்கி வந்து எங்கள் மேல் அனலாக வீசும் அந்தக் காற்றைத் தெரிந்த எவருக்கும் இது நியாயமான விளக்கமாகவே தோன்றும். அம்மா ஒன்றும் பேசாமல் உள்ளே போய் ஒரு பிஸ்கற் பேணியை எடுத்து வந்தார். பதினொரு ஆண்டு மின்பட்டியல்கள் அதற்குள் மாத ஒழுங்கில் அடுக்கப்பட்டிருந்தன. முந்தைய ஆண்டு ஜூன் 82. அதற்கு முந்தைய ஆண்டு ஜூன் 80. "போன வருசம் கச்சான் வீசேல்லையோ?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

இருபது அலகுக்கு இத்தனை பேச்சா என்று வெளியூர் வாசகர்களுக்குத் தோன்றலாம். எங்கள் வீட்டுக் கட்டணம் படிமுறையில் அமைந்தது. 60 அலகுக்குள் நிற்கும் வீட்டுக்குக் குறைந்த விகிதங்கள். 60 ஐத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே வேறு, கூடிய விகிதம். பிறகு 90, 120, 180 என்று ஒவ்வொரு படியிலும் அலகின் விலை ஏறுகிறது, நிலையான மாதக் கட்டணமும் சேர்ந்து ஏறுகிறது. 90 ஐத் தாண்டும்போது கூடிய அலகுகளின் வீதத்தைவிடப் பெரிய பாய்ச்சல் ரூபாயில் விழும். 2022 ஓகஸ்ற்றில் சராசரியாக 75 வீதமும், ஏழு மாதம் கூடக் கழியாமல் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் மின்கட்டணம் உயர்ந்ததை அனுபவித்த குடும்பங்கள் நாங்கள். அதன் பிறகு கட்டணம் ஏறியும் இறங்கியும் வந்திருக்கிறது என்றாலும், பட்டியலைப் பிரித்ததும் முதலில் அலகைப் பார்க்கும் பழக்கம் எங்கள் கைகளில் ஊறிவிட்டது. ஓய்வூதியத்தில் வாழும் ஒருவருக்கு 82 க்கும் 103 க்கும் இடையில் இருப்பது அந்த மாத மருந்துச் செலவு.

ஒழுங்கையில் அம்மா தனியாக இல்லை. பக்கத்து வீட்டு மாமா ஒரு கொப்பியுடன் வந்து, தன் மீற்றர் இரட்டிப்பாகக் கணக்குக் காட்டுகிறது என்று எழுத்தில் நிறுவினார். கொப்பியைப் பார்த்தபோதுதான் விளங்கியது. ஸ்மார்ட் மீற்றரின் திரையில் எண்கள் சில விநாடிக்கு ஒரு முறை மாறிக்கொண்டே இருக்கும். 1.8.0 என்ற சிறிய குறியுடன் வரும் எண்தான் மீற்றர் பொருத்திய நாள் முதல் வீடு எடுத்த மொத்த அலகு. 1.8.1, 1.8.2, 1.8.3 ஆகியவை அதே மொத்தத்தை நேரவாரியாகப் பிரித்துக் காட்டுபவை. இலங்கையின் நேரவாரிக் கட்டணத்தில் காலை 5.30 இலிருந்து மாலை 6.30 வரை பகல், 6.30 இலிருந்து இரவு 10.30 வரை உச்ச நேரம், அதிலிருந்து விடியற்காலை வரை உச்சமல்லாத நேரம். மாமா நான்கு எண்களையும் கூட்டியிருந்தார். பாகங்களையும் முழுமையையும் சேர்த்துக் கூட்டினால் இரட்டிப்பு வரத்தானே செய்யும். அவர் முப்பது ஆண்டு கணக்கு எழுதிய மனிதர். தவறு அவருடையது என்று நான் நினைக்கவில்லை. ஒரு குடும்பத்தின் செலவைக் காட்டும் கருவியைச் சுவரில் மாட்டும்போது, அதன் திரையில் வரும் ஏழெட்டுக் குறிகளுக்கும் தமிழில் பொருள் எழுதிய ஒரு துண்டுத் தாளைக் கையில் கொடுத்திருக்க வேண்டும். யாரும் கொடுக்கவில்லை.

மாமாவின் கணக்கை நேராக்க முடிந்தது. அம்மாவின் கணக்கை என்னால் அப்படி நேராக்க முடியவில்லை. 103 என்பது 1.8.0 இலிருந்தே வந்த எண்.

கேத்தலும் சிவப்பு விளக்கும்

உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் மகன்தான் மீற்றரைச் சோதித்துப் பார்க்கலாம் என்றான். மீற்றரின் முகப்பில் சிறிய சிவப்பு விளக்கு ஒன்று சிமிட்டிக்கொண்டிருக்கும். அதற்குப் பக்கத்தில் ஒரு கிலோவாற்று மணிக்கு 1600 துடிப்பு என்று அச்சிட்டிருக்கிறது. ஒரு கிலோவாற்று மணி என்பது நாம் அலகு என்று சொல்வதுதான். அப்படியானால் 1600 தடவை சிமிட்டினால் ஓர் அலகு முடிந்தது. எங்கள் மின் கேத்தலின் அடியில் 230 வோல்ற்று, 1500 வாற்று என்று எழுதியிருந்தது. வீட்டில் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கேத்தலை மட்டும் போட்டால் மணிக்கு 2400 தடவை, அதாவது நிமிடத்துக்கு 40 தடவை விளக்கு சிமிட்ட வேண்டும். கூடுதலாகச் சிமிட்டினால் மீற்றர் அளவுக்கு மீறி ஓடுகிறது. அம்மா சொல்வது உண்மை.

ஒரு சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு ட்ரிப் சுவிச் பெட்டியில் சமையலறைச் செருகிகளுக்குப் போகும் பிறேக்கரைத் தவிர மற்றவற்றை எல்லாம் கீழே தட்டினோம். குளிர்சாதனப் பெட்டியின் செருகியையும் கழற்றினோம். கேத்தலுக்குப் பக்கத்தில் என் கணவர் நின்றார், நான் கடிகாரத்தைப் பிடித்தேன், அம்மாதான் எண்ணினார். ஆட்காட்டி விரலை உயர்த்தி, ஒவ்வொரு சிமிட்டலுக்கும் காற்றில் தட்டித் தட்டி எண்ணினார். முதல் நிமிடம் 37. இரண்டாவது நிமிடம் 37. மூன்றாவது நிமிடத்தில் 38 என்று தொடங்கிப் பிறகு தன்னைத் தானே திருத்தி 37 என்றார். 40 க்குக் கூடவில்லை, குறைந்தது. அம்மாவின் முகத்தில் முதன்முதலாக ஒரு குழப்பம் தெரிந்தது, எனக்கும் அப்படித்தான் இருந்தது, ஏனென்றால் குறைவாகக் கணக்கிடும் மீற்றரையும் நம்ப முடியாது. மகன் திரைக்கு முன்னால் பொறுமையாக நின்று, 32.7.0 என்ற குறி வரும் வரை காத்திருந்தான். அது வோல்ற்றளவு. 222 என்று காட்டியது. கேத்தலின் கம்பி இழுக்கும் வலு வோல்ற்றளவின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 230 க்குப் பதில் 222 கிடைத்தால் 1500 வாற்று ஏறத்தாழ 1400 ஆகிவிடும். அதற்குரிய சிமிட்டல் நிமிடத்துக்கு 37. மாலையில் எல்லா வீடுகளிலும் விளக்கும் அடுப்பும் ஏறும் நேரத்தில் எங்கள் ஒழுங்கையின் கடைசி வீடுவரை வரும்போது மின்சாரம் கொஞ்சம் தளர்ந்துதான் வருகிறது. 230 க்கு மேலும் கீழும் 6 வீதம் வரை அனுமதி உண்டு என்பதால் 222 குற்றமும் இல்லை. மீற்றர் அதையும் சேர்த்தே சரியாக எண்ணியிருந்தது.

எனக்கு நிம்மதி. மீற்றரின் முகப்பில் வகுப்பு 1 என்று இருப்பதை, அதாவது நூற்றுக்கு ஒன்றுக்குள் பிழை என்பதை, அம்மாவுக்குக் காட்டினேன். பழைய மீற்றர் வகுப்பு 2. தேய்ந்த தாங்கிகளில் சுழன்ற அந்தத் தட்டு, தொலைபேசி மின்னேற்றி போன்ற மிகச் சிறிய சுமைகளுக்கு அசையாமலே நின்றிருக்கவும் கூடும் என்றும் சொன்னேன். அதனால்தான் இப்போது கூடிய கணக்கு வருகிறது, வழக்கு முடிந்தது என்பது என் எண்ணம். அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "மின்னேற்றி இருபது அலகு குடிக்குமோ?" என்றார். குடிக்காது. அந்தச் சின்னச் சுமைகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் எங்கள் வீட்டில் மாதத்துக்கு ஐந்தாறு அலகைத் தாண்டாது. மீற்றர் சரி என்று நிறுவியதோடு என் அக்கறை நின்றுவிட்டது. இருபது அலகு எங்கே போகிறது என்ற அம்மாவின் கேள்வி அப்படியே இருந்தது.

மூன்று எண்ணுவதற்குள்

அம்மாவுக்கு இரவில் நித்திரை குறைவு. கச்சான் காலத்தில் விறாந்தையில் சாய்மனைக் கதிரையைப் போட்டு, கடல் காற்று திரும்பி வருமா என்று பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். அவர் தலைக்கு நேரே, நான்கு அடி தூரத்தில் மீற்றர். கேத்தல் சோதனைக்குப் பிறகு அந்தச் சிவப்பு விளக்கு அவருக்கு வெறும் விளக்காக இருக்கவில்லை. நான் அதைக் கவனிக்கவில்லை; அவரும் யாரிடமும் சொல்லவில்லை. ஐந்தாறு நாள் கழித்து, விடியற்புறம் மூன்று மணிக்குச் சற்று முன்பாக என்னைத் தோளில் தொட்டு எழுப்பினார். "பிள்ளை, எழும்பி வந்து பார். சக்கரம் பறக்குது." நான் கனவு என்றே நினைத்தேன். வெளியே கூட்டிப்போய்க் கதிரையில் இருத்தி, மீற்றரைக் காட்டினார்.

"பிரிஜ் ஓடேக்க பத்து எண்ண ஒருக்கா மின்னும். பிரிஜ் நிண்டால் பதினேழு எண்ண வேணும். நான் எல்லா ராவும் எண்ணிப் பார்த்திட்டன். இது மூண்டு எண்ண முதல் மின்னுது. இது ஆர்?"

இருட்டில் அந்தச் சிவப்புப் புள்ளி விரைவாக, ஒழுங்காகச் சிமிட்டிக்கொண்டிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று சொல்லி முடிக்க முதல் அடுத்தது. வீட்டில் எல்லாரும் உறக்கம். ஓடுவது இரண்டு மின்விசிறியும் குளிர்சாதனப் பெட்டியும் மட்டும். அம்மாவின் மடியில் என் மகனின் பழைய பாடசாலைக் கொப்பி ஒன்று கிடந்தது. அதில் பென்சிலால் நேரங்களை எழுதியிருந்தார்: 11.20, 1.00, 2.40. முந்தைய இரவுக்கு: 10.45, 12.25, 2.05. அதற்கு முந்தைய இரவுக்கும் அப்படியே. ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் போல மின்னிவிட்டு அடங்கிவிடும்; ஒன்றே முக்கால் மணிக்குச் சற்றுக் குறைந்த இடைவெளியில் திரும்ப வரும். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விளக்கு தளர்ந்து, பத்து எண்ணும் நிலைக்குத் திரும்பியது. அந்தக் கணத்தில், பின்வளவில் இருந்து ஓர் ஒலி நின்றதை நான் கேட்டேன். ஓடிக்கொண்டிருந்தபோது அது காதில் ஏறவே இல்லை. காற்றின் இரைச்சலோடும் மின்விசிறியின் இரைச்சலோடும் கலந்து கிடந்த அந்த ஒலி, நின்ற பிறகே காதுக்குத் தெரிந்தது. கிணற்றடி நீர்ப்பம்பி.

கிணற்றிலிருந்து மேல்தொட்டிக்கு நீர் ஏற்றும் அரைக் குதிரைவலுப் பம்பி அது. தொட்டிக்குள் மிதவைச் சுவிச் இருப்பதால் நீர் குறைந்தால் தானாக ஓடும், நிறைந்தால் தானாக நிற்கும். இரவு மூன்று மணிக்கு யாரும் நீர் எடுக்காத வீட்டில் தொட்டி ஏன் குறைய வேண்டும்? விடியும் வரை காத்திருந்து தொட்டியிலிருந்து பின்பக்கக் கழுவுமிடத்துக்குப் போகும் குழாயின் வழியே நடந்தோம். மதிலோரத்தில் இரண்டு பாய் அகலத்துக்கு அறுகம்புல் பச்சைப்பசேலென்று நின்றது. கச்சானில் வளவு முழுவதும் காய்ந்து கருகிக் கிடந்தபோது அந்த இடம் மட்டும் பச்சையாக இருப்பதைப் பார்த்து, இந்த ஆண்டு புல் நன்றாக வந்திருக்கிறது என்று நாங்கள் மகிழ்ந்தும் இருக்கிறோம். மண்வெட்டியால் ஒன்றரை அடி தோண்டியதும், பி.வி.சி. குழாயின் முழங்கை மூட்டு வெடித்து நீர் கசிந்துகொண்டிருந்தது. களிமண் நிலமென்றால் ஒரு நாளில் குட்டையாகத் தேங்கிக் காட்டிக் கொடுத்திருக்கும். உப்புவெளி மணல் எவ்வளவு ஊற்றினாலும் குடித்துவிட்டு ஒன்றும் நடவாதது போலக் கிடக்கும்.

மகன் கணக்குப் போட்டான். ஒவ்வோர் ஓட்டத்திலும் பம்பி 150 லீற்றர் போல ஏற்றுகிறது. நூறு நிமிடத்தில் அது முழுவதும் மணலுக்குள் போகிறது. ஒரு நாளைக்கு இரண்டாயிரம் லீற்றருக்கு மேல். பம்பி அதற்காக நாளொன்றுக்கு எழுபது நிமிடத்துக்குச் சற்றுக் கூட ஓடுகிறது; மாதத்துக்கு இருபது அலகு. மீற்றர் மாற்றிய அதே நாட்களில் மூட்டு வெடித்திருக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக நேர்ந்ததால் பழி மீற்றர்மேல் விழுந்தது.

மீற்றருக்கு முன்பே தெரிந்தது

இந்த நிகழ்வை எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் என் மனம் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது. அம்மா ஐந்தாறு இரவு கண்விழித்துக் கொப்பியில் எழுதியதை அந்த மீற்றர் முதல் நாளிலிருந்தே எழுதிக்கொண்டிருந்தது. ஸ்மார்ட் மீற்றருக்கும் சாதாரண இலத்திரனியல் மீற்றருக்கும் உள்ள முக்கியமான வேறுபாடே அதுதான். வீடு எவ்வளவு எடுத்தது என்பதோடு எப்போது எடுத்தது என்பதையும் அது பதிகிறது. பொதுவாக 15 அல்லது 30 நிமிடத்துக்கு ஒரு பதிவு. அதைத் தன் நினைவில் சேமித்து, கைத்தொலைபேசி வலையமைப்பு வழியாகவோ வேறு வழியாகவோ தூரத்தில் உள்ள கணினிக்கு அனுப்புகிறது. அந்தப் பதிவை ஒரு வரைபடமாகப் போட்டிருந்தால், யாரும் எழும்பி நடமாடாத நள்ளிரவுக்குப் பிறகு எங்கள் வீட்டில் நூறு நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரு மேடு எழுந்து விழுவதைப் பத்து வயதுப் பிள்ளையும் கண்டுபிடித்திருக்கும். மே மாதத்திலேயே கண்டுபிடித்திருக்கும். அந்த வரைபடம் எங்கள் கண்ணுக்கு வரவே இல்லை. எங்கள் சுவரில், எங்கள் தலைக்கு மேலே, எங்கள் வீட்டைப் பற்றிய பதிவு இருந்தும் எங்களுக்கு வந்தது மாத முடிவில் ஒற்றை எண் மட்டுமே.

லண்டனில் இருக்கும் தம்பியிடம் இதைச் சொன்னபோது, தன் வீட்டுச் சமையலறை மேசையில் உள்ள சிறிய திரையைக் காணொளி அழைப்பில் காட்டினான். பிரித்தானியாவில் ஸ்மார்ட் மீற்றர் பொருத்தும்போது வீட்டுக்காரருக்கு அப்படி ஒரு திரையும் கட்டணமின்றித் தருகிறார்கள். குறைவாக எடுத்தால் பச்சை, கூடினால் செம்மஞ்சள், மிகக் கூடினால் சிவப்பு. பக்கத்தில் அந்த நேரச் செலவு பவுணில். அவனுடைய ஏழு வயது மகள் சிவப்பைக் கண்டால் உலர்த்தியை யார் போட்டது என்று விசாரிக்கிறாளாம். சக்கரத்தைப் பார்த்து அயனைக் கண்டுபிடித்த என் அம்மாவின் பேத்தி அவள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

எப்போது என்ற கேள்வி எங்கள் ஒரு வீட்டோடு முடிவதில்லை. கொட்டியாரக்குடாவுக்கு அப்பால் சம்பூரில் நிலக்கரி மின்நிலையம் வரப்போகிறது என்று பேசப்பட்டு, 2016 இல் அது கைவிடப்பட்டு, இப்போது அதே சம்பூரில் 120 மெகாவாற்றுச் சூரிய மின்திட்டம் என்று ஆகியிருக்கிறது. 2025 ஏப்ரலில் அதன் கட்டுமானப் பணியைத் தொடக்கிவைத்தார்கள். அதே ஏப்ரலில், புத்தாண்டு விடுமுறையில் நாட்டின் மின்தேவை குறைந்திருந்தபோது, கூரைகளில் சூரியத் தகடு வைத்திருப்போர் பகல் வேளையில் அவற்றை நிறுத்திவைக்கும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். நண்பகலில் வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு மின்சாரம், மாலை 6.30 க்குப் பிறகு விலை கூடிய எண்ணெயை எரித்து ஈடு செய்ய வேண்டிய நிலை. மா அரைப்பதையும் துணி தோய்ப்பதையும் அயன் பிடிப்பதையும் பகலுக்கு மாற்றும்படி எங்களிடம் கேட்பது நியாயம்தான். மீற்றரும் அதற்காகத்தான் வந்தது என்கிறார்கள். ஆனால் என் வீடு எந்த நேரத்தில் எவ்வளவு எடுக்கிறது என்பதை எனக்கே காட்டாமல் என்னை நேரம் பார்த்து நடக்கச் சொல்ல முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் ஒழுங்கையில் அதைப் பலர் மெல்லிய குரலில் சொன்னார்கள். ஒரு வீட்டின் அரை மணிப் பதிவைப் பார்த்தால் அந்த வீட்டார் எப்போது எழும்புகிறார்கள், எப்போது உறங்குகிறார்கள், எந்த நாட்களில் வீடு பூட்டியிருக்கிறது என்பதெல்லாம் தெரியும். வேறு ஊரில் இது ஒரு விவாதப் பொருளாக மட்டும் இருக்கலாம். இங்கே, போர்க்காலத்தில் வீட்டில் எத்தனை பேர் என்று படத்துடன் பட்டியல் எழுதிக் கொடுத்து, இரவில் படலை தட்டப்பட்டால் அந்தப் பட்டியலை நீட்டிய தலைமுறை இன்னும் விறாந்தையில் உட்கார்ந்திருக்கிறது. பல ஸ்மார்ட் மீற்றர்களுக்குள் தூரத்திலிருந்தே இணைப்பைத் துண்டிக்கும் சுவிச்சும் உண்டு என்று கேட்டபோது மாமாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அந்த அச்சத்தை அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. யார் பார்க்கிறார்கள், எத்தனை காலம் வைத்திருக்கிறார்கள், யாருக்குக் கொடுக்கலாம் என்பதை எங்களுக்கு விளங்கும் மொழியில் எழுதித் தர வேண்டும். எங்கள் பதிவை முதலில் எங்களுக்குக் காட்ட வேண்டும். நம்மிடம் மறைக்கப்படாத ஒன்றைப் பற்றி நமக்குப் பயம் குறையும்.

நான் கேட்பது பெரிய செலவில்லை. மாதப் பட்டியலின் பின்பக்கம் வெறுமையாகத்தான் இருக்கிறது. அதில் இருபத்துநான்கு சிறிய தூண்கள் கொண்ட ஒரு வரைபடம், நள்ளிரவுக்கும் விடியற்காலை நான்கு மணிக்கும் இடையில் வீடு எடுத்த அலகு எவ்வளவு என்று ஒரு வரி, சென்ற ஆண்டு இதே மாதம் எவ்வளவு என்று இன்னொரு வரி. பிஸ்கற் பேணி இல்லாத வீடுகளுக்கும் அது கிடைக்க வேண்டும். இதை எழுத்தில் கேட்டிருக்கிறேன். தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, ஒழுங்கையில் உள்ள பதினேழு வீட்டாரும் கையொப்பமிட்டிருக்கிறார்கள். முதல் கையொப்பம் அம்மாவுடையது.

குழாய் மூட்டு மாற்றிய பிறகு வந்த முழு மாதப் பட்டியல் 80. அம்மா அதைப் பார்த்துவிட்டு மடித்துப் பேணிக்குள் வைத்தார். மகன் ஒரு காட்போட் அட்டையில் மீற்றரின் குறிகளையும் அவற்றின் பொருளையும் பெரிய எழுத்தில் எழுதி, மழை நனைக்காதபடி பொலித்தீன் போட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறான். நேற்றுப் பின்னேரம் மாமா கொப்பியோடு வந்து அதைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார். அம்மா கதிரையிலிருந்து எழும்பாமலே அவரிடம் கேட்டார்:

"அதுகளை எழுதுறது இருக்கட்டும் தம்பி, ராவிலே எல்லாரும் படுத்த பிறகு உங்கட வெளிச்சம் எத்தினை எண்ண மின்னுது?"

மாமா எண்ணிப் பார்த்ததில்லை என்றார். அம்மா மடியில் இருந்த பழைய கொப்பியிலிருந்து வெறும் தாள் ஒன்றைக் கிழித்து, பென்சிலோடு சேர்த்து அவரிடம் நீட்டினார்.